நோய் என்று பேர் வை, நிலத்தை எடு

நெல்லில் இலை நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்துகொண்டே கீழே இறங்குமே, அதற்கு இலைக்கருகல் என்று பேர். ஆங்கிலத்தில் 'பிளைட்' என்பார்கள். பயிருக்கு வருகிற நோய். இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் மனுசர்கள் குடியிருக்கிற தெருவுக்கு வைத்தவர்கள் அமெரிக்க நகரத் திட்டக்காரர்கள். சும்மா வைக்கவில்லை. ஒரு பகுதியைக் கருகல் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால் அங்கே இருக்கிற வீடு, கடை, சர்ச் எதையும் விலை போட்டு எடுத்துக்கொள்ளலாம். உடையவன் விற்கமாட்டேன் என்றாலும் எடுக்கலாம். எடுத்து, இடித்து, தரைமட்டமாக்கி, அந்த மண்ணை இன்னொரு தனியாருக்கு விற்கலாம். சாலை போட எடுத்தேன், பள்ளிக்கூடம் கட்ட எடுத்தேன் என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. நோயை நீக்கியதே பொதுப் பயன்.

அமெரிக்காக்காரன் வீடு போனால் நமக்கென்ன என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில் நேராகவே கேட்டார்கள். 1946-ல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியபோது, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்றுதான் கேட்டார். 1972-ல் மும்பையில் சிறுத்தைகள் என்று பேர் வைத்துக்கொண்டவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் புதிதாக எதையும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

வாஷிங்டனிலிருந்து தொடங்குவோம். அந்த நகரத்தின் தென்மேற்கு மூலை. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து நடக்கிற தூரம். அங்கே 'பி' பகுதி என்று ஒன்றைக் குறித்து, அதில் 5,012 பேர் இருப்பதாகக் கணக்கெடுத்தார்கள். 57.8 சதவீத வீடுகளுக்குக் கக்கூஸ் வெளியே. 60.3 சதவீதத்தில் குளிக்க இடம் இல்லை. 29.3 சதவீதத்தில் மின்சாரம் இல்லை. 64.3 சதவீதம் பழுது பார்க்கவே லாயக்கில்லை. இதெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிற எண்கள். நான் மறுக்கவில்லை. அந்த வீடுகள் மோசம்தான். ஆனால் குழாய் போடாதது யார், கம்பம் நடாதது யார் என்று ஒரு வரி அந்தத் தீர்ப்பில் இல்லை. அந்த நகரத்து மக்களுக்கு அன்றைக்குத் தங்கள் நகராட்சியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையே 1961-ல்தான் வந்தது. ஜனாதிபதி நியமித்த மூன்று கமிஷனர்கள் ஆண்ட ஊர். தண்ணீர் தராதவன் வந்து 'குளிக்க இடம் இல்லையே, நோய்' என்று எழுதிக்கொண்டு போகிறான்.

அந்தப் பகுதியில் ஒரு கடைக்காரர். நல்ல கடை. கருகல் எதுவும் அதில் இல்லை. என் கடையை எதற்கு எடுக்கிறாய், எடுத்து இன்னொரு வியாபாரிக்கு விற்க உனக்கு என்ன உரிமை என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் செத்துப்போய், சொத்தைப் பார்த்துக்கொண்டவர் பேரில் அது 'பெர்மன் எதிர் பார்க்கர்' என்று நின்றது. 1954 நவம்பர் 22-ல் தீர்ப்பு. ஒரே குரலில். எழுதியவர் வில்லியம் டக்ளஸ், முற்போக்கு என்று பேரெடுத்த நீதிபதி. ஒவ்வொரு கட்டடமாகப் பார்க்கவேண்டியதில்லை, பகுதி முழுதையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்றார். ஊர் ஆரோக்கியமாக மட்டுமில்லை, அழகாகவும் இருக்கவேண்டும் என்று சட்டமன்றம் முடிவெடுக்கலாம், அதில் நீதிமன்றம் தலையிடாது என்றார். அதே வருசம் மே மாதம் பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை செல்லாது என்று பிரௌன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன அதே உச்ச நீதிமன்றம். மே மாதம் பள்ளிக்கூடக் கதவைத் திறந்துவிட்டு, நவம்பரில் வீட்டுக் கதவைப் பெயர்த்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வழக்குப் போட்டது கடைக்காரர். அந்தப் பகுதியிலிருந்து கிளப்பப்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் கறுப்பர்கள். அவர்களில் ஆகப் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். நிலத்துக்கு விலை கொடுக்கிறபோது அதில் ஒரு காசு அவர்களுக்குச் சேராது. பத்திரம் இல்லாதவனுக்கு வழக்கும் இல்லை. சட்டப் புத்தகத்தில் அந்த வழக்கு ஒரு கடையைப் பற்றிய வழக்காகத்தான் இருக்கிறது. நத்தத்தில் பட்டா இல்லாமல் மூணு தலைமுறை இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தென்மேற்கு மூலை முழுக்கச் சேர்த்துச் சுமார் 23,000 பேர் போனார்கள். திட்டத்தின் காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு வீடு குறைந்த வாடகைக்கு என்று எழுதியிருந்தது. அறைக்கு மாதம் 17 டாலருக்கு மேல் கிடையாது என்றும் எழுதியிருந்தது. காகிதம் நல்ல காகிதம்தான். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

இனி வங்கிக்காரனாகக் கொஞ்சம் பேசுகிறேன். அந்தத் தெருக்கள் ஏன் அப்படி ஆயின? 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று நகரங்களுக்கெல்லாம் வரைபடம் போட்டது. நாலு நிறம்: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. கடன் கொடுக்கப் பத்திரமான இடம் பச்சை. ஆபத்தான இடம் சிவப்பு. கறுப்பர் வாழ்ந்த தெருக்கள் அனேகமாக எல்லாமே சிவப்பு. 1934-ல் வந்த இன்னொரு அரசு அமைப்பு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அதனுடைய கையேடு, வேற்று இனத்தான் குடிவந்தால் தெருவின் மதிப்பு விழும் என்று மதிப்பீட்டாளர்களுக்குப் பாடம் நடத்தியது. உத்தரவாதம் இல்லாத இடத்தில் எந்த வங்கியும் கடன் தராது. கடன் இல்லாவிட்டால் கூரை மாற்ற முடியாது. வீட்டுக்காரன் வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவான், ஏனென்றால் வேறு தெருவில் கறுப்பனுக்கு வீடு கிடைக்காது. நெரிசல் வரும். இருபது வருசம் கழித்து ஒரு சர்வேக்காரன் வந்து நெரிசல், ஒழுகல், காற்றோட்டம் இல்லை, கருகல் என்று எழுதுவான். நோயைத் தூவியவனும் நோய் என்று சான்றிதழ் கொடுத்தவனும் ஒரே அரசு.

இது ஏதோ அந்தக் காலத்துக் கதை, அந்த நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்து பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் சில தெருக்களின் பேர் எழுதிய ஒரு பட்டியல் வாய்மொழியாக உண்டு. எழுத்தில் இருக்காது. மனுவை வாங்கிப் பார்த்ததும் மேலதிகாரி முகவரியைத்தான் முதலில் பார்ப்பார். 'அந்த ஏரியாவா? வேண்டாம்ப்பா, ரெக்கவரி கஷ்டம். ஏதாவது பேப்பர் குறையுதுன்னு சொல்லி அனுப்பிரு.' சம்பளச் சான்றிதழ் சரியாக இருக்கும், ஜாமீன்தாரர் இருப்பார். தெரு சரியில்லை. சிவப்பு மசியெல்லாம் நமக்குத் தேவையில்லை, தெருப் பேரே போதும்.

அடுத்தது விற்பனை. எடுத்ததைவிட விற்ற கதைதான் அசிங்கம். 1949-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்ட வீட்டுவசதிச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நிலத்தை எடுக்க, இடிக்க, சமன் செய்ய நகராட்சிக்கு 100 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். அதைக் கட்டுமானக் கம்பெனிக்கு 40 ரூபாய்க்கு விற்கிறது. நட்டம் 60. அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 40 ரூபாயை, மத்திய அரசு கொடுத்துவிடும். மீதி 20 நகராட்சியின் தலையில். ஆக, தன் வீடு இடிபட்டவனும் கட்டிய வரியிலிருந்துதான் கம்பெனிக்குத் தள்ளுபடி. என்னிடம் நகைக்கடன் வாங்கியவர் தவறினால் நகை ஏலம் போகும். ஆனால் பாக்கி போக மிஞ்சிய பணத்தை அவர் கணக்கில் வைத்தே ஆகவேண்டும். அந்த அளவு நேர்மைகூட எல்லா இடத்திலும் இல்லை. மினசோட்டா மாநிலத்தில் வரி பாக்கிக்காக ஒரு மூதாட்டியின் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, வட்டி அபராதம் எல்லாம் சேர்ந்த பாக்கி 15,000 போக மிச்சத்தையும் மாவட்ட நிர்வாகமே வைத்துக்கொண்டது. அது தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023-ல்தான்.

பிட்ஸ்பர்க்கில் 'லோயர் ஹில்' என்ற கறுப்பர் பகுதியில் சுமார் 8,000 பேரைக் கிளப்பி, 1961-ல் ஒரு விளையாட்டரங்கம் திறந்தார்கள். ஐம்பது வருசத்தில் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள். நாடு முழுக்க 1949 முதல் 1970-களின் தொடக்கம் வரை இந்தத் திட்டத்தில் கிளப்பப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் என்கிறார்கள். நகரப் புதுப்பிப்பு என்பது அதன் அரசாங்கப் பேர். அது கறுப்பரை அப்புறப்படுத்துவதற்கு வைத்த பேர் என்று 1963-ல் தொலைக்காட்சியில் உட்கார்ந்தே சொன்னார் ஜேம்ஸ் பால்ட்வின்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். கொலம்பியா பல்கலைக்கழகம் நம் வீடு மாதிரிதானே? பாபாசாகேப் 1913-ல் போய்ச் சேர்ந்து 1916 வரை படித்த இடம். 1952-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த இடம். நம் காலண்டரில், நோட்டீசில், மேடைப் பேச்சில் கொலம்பியா என்ற பேர் வராத ஏப்ரல் 14 உண்டா? நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான், இன்னும் சொல்வேன். அந்தப் பெருமை நமக்கு வேண்டும். ஆனால் பல்கலைக்கழகம் இருக்கிற மேட்டுக்குப் பக்கத்திலேயே ஹார்லெம் இருக்கிறது. கறுப்பரின் தலைநகரம். மேடும் பள்ளமுமாகப் பக்கம் பக்கம். ஊரும் சேரியும் மாதிரி.

1968-ல் நடுவில் இருக்கிற பொதுப் பூங்காவில் பல்கலைக்கழகம் ஒரு உடற்பயிற்சிக்கூடம் கட்டத் தொடங்கியது. மாணவர்களுக்கு மேட்டுப் பக்கம் வாசல். ஹார்லெம் மக்களுக்குப் பள்ளத்தில், பின்பக்கம், தனி வாசல்; உள்ளேயும் அவர்களுக்கு ஒரு சின்னப் பங்கு. டீக்கடையில் ரெண்டு கிளாஸ் வைத்த கதையேதான். கறுப்பு மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் ஏப்ரல் மாதம் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். வியட்நாம் போருக்கு ஆராய்ச்சி செய்வதை நிறுத்து என்பதும் அந்தப் போராட்டத்தின் கோரிக்கை. போலீஸ் புகுந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. கூடம் கைவிடப்பட்டது. மாணவத் தோழர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

கூடம் போனது, பசி போகவில்லை. 2003-ல் மேற்கு ஹார்லெமில் மன்ஹாட்டன்வில் என்ற இடத்தில் சுமார் 17 ஏக்கரில் புது வளாகம் என்று அறிவித்தது. கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டது. குடோன்காரர் ஒருவரும், பெட்ரோல் பங்க் வைத்திருந்த, இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய ஒரு சீக்கியக் குடும்பமும் விற்கமாட்டோம் என்றார்கள். உடனே மாநில அரசின் வளர்ச்சிக் கழகம் உள்ளே வந்தது. கருகல் இருக்கிறதா என்று ஆராய ஒரு ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்பட்டது. அதே நிறுவனம் அதே திட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கும் வேலை பார்த்தது! பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே தரகர். கருகல் உண்டு என்று அறிக்கை வந்தது. விரிசல், ஒழுகல், காலி மனை. அந்தக் கட்டடங்களில் பெரும்பங்கு அப்போது யாருடையது? பல்கலைக்கழகத்தினுடையது. 2009 டிசம்பரில் கீழ்மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று இதை அடித்துப் போட்டது. 2010 ஜூனில் மாநிலத்தின் உச்ச மன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அரசுக் கழகம் கருகல் என்று சொன்னால் கருகல்தான், நாங்கள் மறுபடி போய்ப் பார்க்கமாட்டோம் என்பதே சாரம். 'கௌர்' வழக்கு என்று அதற்குப் பேர். நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் விசாரிக்கவே மறுத்தது.

பல்கலைக்கழகம் அந்தப் பகுதி மக்களின் நலனுக்கு 15 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டதே, அதைச் சொல்லவில்லையே என்பார்கள். சொல்லிவிட்டேன். குடியிருப்போரின் வீட்டை இந்த அதிகாரத்தை வைத்து எடுக்கமாட்டோம் என்றும் சொன்னது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வளாகம் வந்து உட்கார்ந்தபின் பக்கத்துத் தெரு வாடகை என்ன ஆகும் என்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

நம் இயக்கத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது கோபப்பட்டார். 'என்ன நீ, குடோன் முதலாளிக்கும் பங்க் முதலாளிக்கும் வக்காலத்து வாங்குற? நிலத்தை அரசு எடுக்கணும்னுதானய்யா நாம கேக்குறோம்?' நியாயமான கேள்வி. 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதிய அம்பேத்கர், விவசாய நிலம் முழுதும் அரசுடைமை ஆகவேண்டும், ஜமீன்தாரும் குத்தகைக்காரனும் நிலமற்ற கூலியும் இல்லாமல் கூட்டுப் பண்ணையாக ஊராருக்கு விடவேண்டும் என்றார். நான் அதிலிருந்து ஒரு அடி விலகவில்லை. சொத்து புனிதம் என்று சொல்கிற கூட்டத்தோடு எனக்கு ஒட்டுமில்லை.

ஆனால் எந்தக் கையில் இருந்து எந்தக் கைக்கு என்பதுதானே கேள்வி. ஹவாய்த் தீவுகளில் அரசு நிலம் போக மற்ற நிலத்தில் ஏறக்குறைய முழுவதும், அதாவது மொத்தத்தில் 47 சதவீதம், வெறும் 72 தனியாரிடம் இருந்தது. 1967-ல் ஒரு சட்டம் போட்டு, அந்த நிலப்பிரபுக்களிடமிருந்து மனையை விலைக்கு எடுத்து, அதில் குத்தகைக்கு வீடு கட்டி இருந்தவர்களுக்கே விற்க ஏற்பாடு செய்தார்கள். இதுவும் தனியாரிடம் எடுத்துத் தனியாருக்கு விற்பதுதான். 1984-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எதை ஆதாரம் காட்டி? அதே 1954 தீர்ப்பை. அந்த அதிகாரத்தை வைத்து ஜமீனையும் உடைக்கலாம், சேரியையும் உடைக்கலாம். ஜமீனுக்கு எதிராக அது எத்தனை தடவை வந்தது, சேரிக்கு எதிராக எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நம்ம ஊரிலேயே பஞ்சமி நிலம் வேறு ஆட்கள் கைக்குப் போனால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை இருக்கிறது. எடுத்ததா? எடு என்று கேட்டவர்கள் மேல் 1994-ல் செங்கல்பட்டில் துப்பாக்கி சுட்டது.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற நண்பர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2005-ல் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நகரத்தில் 'கீலோ' வழக்கு. அங்கே கருகல் என்றுகூடச் சொல்லவில்லை. வளர்ச்சி வரும், வரி வரும், வேலை வரும் என்று சொன்னார்கள். பக்கத்தில் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சி மையம். 1918-ல் அந்த வீட்டிலேயே பிறந்த ஒரு மூதாட்டியின் வீடும் பட்டியலில். ஐந்துக்கு நான்கு என்று நகராட்சி ஜெயித்தது. 2009-ல் ஃபைசர் கிளம்புகிறேன் என்று அறிவித்தது. எடுத்த மனை பல வருசம் புல் முளைத்துக் கிடந்தது.

அந்தத் தீர்ப்பு வந்ததும் நாடே கொதித்தது. ஏனென்றால் இந்த முறை போனது நடுத்தர வெள்ளையரின் வீடு. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. வளர்ச்சிக்காக என்று சொல்லி இனி வீட்டை எடுக்கக்கூடாது என்றன. நல்லதுதான். ஆனால் அவற்றில் பல மாநிலங்கள் ஒரு விலக்கு வைத்தன: கருகல் பகுதி என்றால் எடுக்கலாம்! தன் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு, சேரி வீட்டுக் கதவை மட்டும் திறந்தே வைத்தார்கள். 97 சதவீதம் என்று மேலே சொன்னேனே, அந்த எண்ணைக் கீலோ வழக்கின் மறுப்புத் தீர்ப்பில் எடுத்துப் போட்டவர் கிளாரன்ஸ் தாமஸ். கறுப்பர்தான், ஆனால் இடஒதுக்கீட்டுக்கு ஜென்ம விரோதி. அவருடைய அரசியல் நமக்கு ஆகவே ஆகாது. எண் ஆகும், எடுத்துக்கொள்கிறேன்.

கருகல் என்றால் என்ன என்பதற்கு எல்லையே இல்லை. ஒஹையோவில் லேக்வுட் என்ற ஊரில் மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, இரண்டு கார் நிறுத்தும் இணைப்புக் கொட்டகை இல்லாத வீடெல்லாம் கருகல் என்று அளவுகோல் வைத்தார்கள். மேயரின் வீடே தேறவில்லை. சிரிப்பு வருகிறது. ஆனால் ஓட்டும் வாயும் உள்ள ஊர் அது. 2003-ல் வாக்கெடுப்பு நடத்தித் திட்டத்தைத் தோற்கடித்தார்கள்.

1971-ல் வந்த நம்ம தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தை எடுத்து ஒரு தடவை வாசியுங்கள். தாழ்வான இடம், அசுத்தம், நெரிசல், தெரு குறுகல், வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, மனிதர் வாழத் தகுதியில்லை. வாஷிங்டன் சர்வேக்காரன் எழுதிய அதே வார்த்தைகள் வெள்ளைக்காரன் சட்ட மொழி வழியாக இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே லாரியில் ஏற்றினார்கள். வாரியத்தின் பேரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். சேரி என்பது சேர்ந்து வாழ்கிற இடம் என்று அர்த்தப்பட்ட பழைய தமிழ்ச் சொல். அதை 'ஸ்லம்' என்பதற்கு மொழிபெயர்ப்பாக ஆக்கிய பத்திரிகைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு.

நான் பார்க்க விரும்புவது காலியான மனைகளின் இரண்டாவது கதையை. கிளப்பப்பட்ட இடத்தில் இன்றைக்கு என்ன நிற்கிறது, யார் பேரில் நிற்கிறது, அரசு அதை யாருக்குக் குத்தகைக்கு விட்டது அல்லது விற்றது? அப்புறப்படுத்தும் நோட்டீஸ், ஒதுக்கீட்டு ஆணை, கணக்கெடுப்புத் தாள் இவற்றில் எது கையில் இருந்தாலும் நகல் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அசலை அனுப்பவேண்டாம். சட்டக் கல்லூரித் தோழர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து படிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் விடுமுறைதான்.